பந்தைத் தொடாத நாற்பத்திரண்டு நாள்

பிசியோதெரபிஸ்ட் என்றால் கைகாலைப் பிடித்துவிடுகிறவன் என்றுதான் எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் ஓடுகிற ஆளைப் பிடித்துச் சும்மா உட்கார வைப்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பாதி, அதில் ஜெயித்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் கால்பந்து கிளப்புகளில் வேலை பார்த்தேன். கோவா, கொல்கத்தா, கடைசியில் வளைகுடா. அடுத்தவர் முதுகை நிமிர்த்தி நிமிர்த்தி என் முதுகு போனதும் ஆம்பூருக்குத் திரும்பி, பஜாரில் ஒரு மாடியறையை எடுத்தேன். இரண்டு கட்டில், கழுத்தை இழுக்கிற மெஷின் ஒன்று, சுவரில் ஒரு எலும்புக்கூட்டுப் படம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஷூ கம்பெனியில் குனிந்தே இருப்பவர்கள், தோல் பதனிடுகிற டேனரியில் தூக்கியே பழகியவர்கள். எப்போதாவது ஒரு ஆட்டக்காரன் வருவான்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ பத்து நாள் லீவில் வீட்டுக்கு வருவீர்கள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேஸ் சிலிண்டர் தீர்ந்திருக்கும், மாமா ஆஸ்பத்திரியில் இருப்பார், தங்கச்சி வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டிருப்பார். எல்லாம் உங்களுக்காகவே காத்திருக்கும். திரும்பிப் போகிற ரயிலில் ஏறி மேல் பெர்த்தில் படுத்தபிறகுதான் லீவு ஆரம்பித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரியாமலே இருக்கட்டும், அவர்களாவது நன்றாக இருக்கட்டும்.

காய்ச்சல் இல்லாத நோயாளி

அஸ்லம் எங்கள் ஊர்ப் பையன். பையன் என்று சொல்லிப் பழகிவிட்டேன், வயது இருபத்தொன்பது. மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கிளப்புக்கு நடுக்களத்தில் ஆடுகிறவன். போன வருஷம் மே மாதம், சீசன் முடிந்து ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் தோள்பையோடு என் மாடிப்படி ஏறி வந்தான். கையில் ஒரு ஸ்கேன், கிளப் டாக்டரின் கடிதம். கணைக்கால் எலும்பில் உள்வீக்கம். விரிசல் இன்னும் விழவில்லை. இதற்கு மேல் ஓடினால் விழும் என்று எலும்பே முன்கூட்டிச் சொல்கிற கட்டம் அது. கடிதத்தில் நாற்பத்திரண்டு நாள் ஓய்வு எழுதியிருந்தது. முதல் நான்கு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பந்தைத் தொடக் கூடாது. கடைசி இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. அது முடிந்ததும் கிளப்பில் உடல் சோதனை. தேறினால் இன்னும் ஒரு வருஷம் கான்ட்ராக்ட். தேறாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். இருபத்தொன்பது வயதில் ஒரு கிளப் விட்டுவிட்டால் இன்னொரு கிளப் கூப்பிடுவது அபூர்வம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காயமே இல்லாத ஆட்டக்காரனுக்கும் சீசன் முடிந்தால் நாலிலிருந்து ஆறு வாரம் வேண்டும் என்பது என் அனுபவம். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யக் கூடாது. அதனால் கால் மறந்துபோய்விடாது. அப்புறம் நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். காலுக்கு எவ்வளவு வேண்டுமோ அதே அளவு தலைக்கும் வேண்டும். பத்து மாதம் ஜெயிப்போமா தோற்போமா என்றே படுத்து எழுந்த தலை அது. இதையெல்லாம் தம்பியை வண்டியில் கூட்டிப்போக வந்திருந்த அவனுடைய அண்ணன் ஜாபரிடம் சொன்னேன். ஜாபர் ஒரு டேனரியில் டிரம் செக்ஷன் சூப்பர்வைசர். இரண்டு பெருநாளும் வீட்டில் சாவும் தவிர வேறு எதற்கும் லீவு போடாதவர். நான் சொல்வதை முழுசாகக் கேட்டார். ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தம்பியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "கட்டு இல்ல, காய்ச்சல் இல்ல, நடந்துதான் மாடியேறி வந்தான். அப்புறம் இன்னாத்துக்கு லீவு, டாக்டர்?"

கோபி அண்ணனிடம் கேட்டது

இந்த நாள் கணக்கை நான் முதலில் கற்றுக்கொண்டது கோவாவில். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அங்கே ஒரே வருஷத்தில் இரண்டு பேர். ஒருவன் ஸ்ட்ரைக்கர். சீசன் முடிந்து ஊருக்குப் போனவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொந்தக்காரர்கள் டீமுக்கு ஆடிவிட்டு, திரும்பி வந்த முதல் வாரமே தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டான். இன்னொருவன் கோல்கீப்பர். ஏதோ சாக்குச் சொல்லி மூன்று மாதம் ஊரிலேயே கிடந்தான். வந்தபோது ஜெர்சி தொப்புளுக்குக் கீழே இறங்கவில்லை. இருவரும் ஒரே மாதத்தில் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சரியான எண்ணிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நான் நம்பிய காலம். டீமில் மசாஜ் செய்ய கோபி அண்ணன் என்று ஒரு மலையாளி இருந்தார். கோயம்புத்தூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். முப்பது வருஷமாகக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவர். எத்தனை வாரம் கொடுத்தால் சரியாக இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாள் எண்ணிக் கொடுக்கறது சுலபம் சாரே. கொடுத்த நாள அவன் வீட்ல இருக்கிறவங்க விட்டு வைக்கணுமே."

தேக்சா

ஒன்பதாம் நாள் அஸ்லம் படியேறி வரும்போதே ஒரு படிக்கு ஒரு மூச்சு விட்டான். கணைக்காலைத் தொட்டால் சுட்டது. ஓடினாயா என்றேன், இல்லை என்றான். பந்து தொட்டாயா, இல்லை. விசாரித்ததில் முந்தின நாள் வாணியம்பாடியில் பெரியப்பா மகள் கல்யாணம். பெண் வீட்டு ஆம்பளைப் பிள்ளைகள்தான் பந்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை அஸ்லம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் தினமும் வேலைக்குப் போகிறவர்கள், களைத்துப் போயிருப்பார்கள்; இவன் ஒருத்தன்தானே சும்மா இருக்கிறான் என்று எல்லாக் கனமான வேலையும் இவன் பக்கமே வந்திருக்கிறது. பிரியாணி தேக்சாவை, அந்தப் பெரிய அண்டாவை, அடுப்படியிலிருந்து மண்டபத்துக்கு இரண்டு பேராக ஏழெட்டு தடவை தூக்கிப் போயிருக்கிறான். சாப்பிட்ட பிறகு நாற்காலிகளை அடுக்கியதும் இவன்தான்.

கூட வந்திருந்த அவன் அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். நல்ல மனுஷி. பிள்ளை வலியைப் பார்த்து அவர் கண்ணே கலங்கியிருந்தது. ஆனாலும் கடிதத்தில் இருந்ததை அவர் என்னைவிடக் கவனமாகக் கேட்டிருந்தார். "ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பந்து தொடக் கூடாதுன்னுதான சொன்னீங்க தம்பி? தேக்சா தூக்கக் கூடாதுன்னு எழுதலியே."

ஆற்று மணல்

அதற்குப் பிறகு அஸ்லமை விருந்து விசேஷம் எதற்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லி வைத்தேன். வீட்டிலேயே இருந்தான். மே மாத வெயில், மேலே ஓட்டுக்கூரை, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு கட்டில். நாலு நாள் தாங்கினான். ஐந்தாம் நாள், பாலாற்று மணலில் விடியற்காலையில் உங்க ஆள் ஓடுவதைப் பார்த்தேன் என்று பால்காரர் சொன்னார். கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. மெதுவாகத்தான் ஓடினேன், மணல்தானே, எலும்புக்கு அடி விழாது என்றான். மணலில் ஓடினால் காலுக்கு வேலை கூடத்தான் செய்யும் என்று அவனுக்கே தெரியும். நான் திட்டி முடிக்கும்வரை எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், கடைசியில் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "கண்ண மூடிப் படுத்தா, என் எடத்துல எவனோ ஓடிக்கிட்டிருக்கிற மாதிரியே இருக்குண்ணே."

வசந்திக்கு ஒரு பங்கு

வசந்தி ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிறவர். பதினாலு வருஷம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துத் தைத்ததில் கழுத்தெலும்பு தேய்ந்து, வலது கையில் இரண்டு விரல் மரத்துப் போயிருந்தது. ஷிப்ட் முடிந்து வாரம் இரண்டு நாள் வருவார். மெஷினில் கழுத்தை இழுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் காலை அதே ஊசிக்கு முன்னால் குனிவார். நான் ராத்திரி கட்டுகிற சுவரை அவர் பகலில் இடிப்பது போலத்தான் அந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் லீவு போட்டே ஆக வேண்டும், நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் அஸ்லம் காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். வசந்தி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "பத்து நாள் போட்டேன்னா பதினொண்ணாவது நாள் எனக்கு எடம் இருக்காது சார். இந்தத் தம்பிக்கு நாப்பத்திரண்டு நாளாமே. அதுல ஒரு ரெண்டு நாள் எனக்கு வெட்டிக் குடுங்களேன்." அஸ்லம் ஐஸ் பையை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவனை மறுபடி படுக்க வைக்க என்னால் முடியவில்லை. போகும்போது படியில் நின்று அவன் என்னிடம் கேட்டது இது: "எனக்கு இது ஜாஸ்தியோண்ணே?"

படுக்க வைத்த தோல்

பதினேழாம் நாள் ஜாபரைப் பார்க்க டேனரிக்கே போனேன். வீட்டில் பேசினால் அம்மா, ஜாபரின் மனைவி என்று பேச்சு திசைமாறுகிறது, தனியாகச் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன். டிரம் செக்ஷன் வாசலில் அவர் ஒரு ஆபீஸ்காரருடன் வாக்குவாதத்தில் இருந்தார். விஷயம் இதுதான். முந்தின நாள் மருந்துத் தண்ணீரில் உருட்டி டிரம்மிலிருந்து இறக்கிய நீல நிற ஈரத் தோல்களை அடுக்கி மூடி வைத்திருந்தார்கள். ஆர்டர் அவசரம், உடனே ஷேவிங் மெஷினுக்கு அனுப்பு என்கிறார் ஆபீஸ்காரர். ஜாபர் முடியாது என்கிறார். இரண்டு நாள் அப்படியே கிடந்தால்தான் உள்ளே போன மருந்து பிடித்து நிற்கும், இப்போது சீவினால் தோல் பின்னாடி காட்டிக் கொடுக்கும், யார் சொன்னாலும் அனுப்ப மாட்டேன் என்று மூடியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். ஆபீஸ்காரர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. இதையேதான் பாய் உங்க தம்பிக்கும் கேட்கிறேன், இன்னும் இருபத்தைந்து நாள் அவனை அடுக்கி மூடி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, டீ சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனுக்கு இங்கே சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் செக்ஷனில் ஒரு இடம் சொல்லி வைத்திருப்பதாகவும், அப்பா போனதிலிருந்து தானே தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. கடைசியில் மெதுவாக, டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோல் கெட்டா வாங்குற பையர் திருப்பி அனுப்பிடுவான் டாக்டர், எனக்கு வேல போய்டும். தம்பி கெட்டா இன்னா, வீட்டுக்குத்தான வந்துடுவான்."

கட்டு

இனி நான் சொல்லப் போவது என் தப்பு. இருபத்துமூன்றாம் நாள் அஸ்லமுக்கு நடக்கும்போதே ஒரு குத்தல் இருந்தது. எலும்பு மேல் கொஞ்சம் ஆதரவாக இருக்கட்டும் என்று கணைக்காலில் நீல நிற டேப் ஒட்டி, அது வியர்வையில் உரியாமல் இருக்க மேலே ஒரு சுற்றுக் கட்டும் போட்டு அனுப்பினேன். வலி தெரியாமல் நடப்பதற்குத்தான் அது. எந்தக் கிளப்பிலும் எந்த நாட்டிலும் இதை யாரும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் நான் இருந்தது ஆம்பூரில். எங்கள் பக்கத்து ஜனம் எலும்பில் அடிபட்டால் அரக்கோணம் தாண்டிப் போய் நாட்டு வைத்தியரிடம் கட்டு போட்டுக்கொண்டு, அன்றைக்கே ஊர் திரும்பி, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். கட்டு போடும்வரைதான் அவன் நோயாளி. கட்டு போட்டாகிவிட்டது என்றால் வைத்தியம் முடிந்துவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு இது மறந்து போயிருந்தது.

அந்த வாரம் ஸ்கூல் கிரவுண்டில் டோர்னமென்ட். நடத்துகிறவர் சேகர், பஜாரில் ஷூ சோல் வியாபாரம். இரண்டு வாரமாகவே அஸ்லமைக் கேட்டுக்கொண்டிருந்தார். கால் சரியில்லை, அதோடு கான்ட்ராக்டில் வெளி மேட்ச் ஆடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது என்று அஸ்லமும் மறுத்துக்கொண்டே இருந்தான். கட்டு போட்ட மறுநாள் சாயங்காலம், ஆம்பூரும் வாணியம்பாடியும் மோதுகிற மேட்சைப் பார்க்க அஸ்லம் காலில் என் கட்டோடு போய் உட்கார்ந்திருக்கிறான். நான் வசந்தியின் கழுத்தை மெஷினில் மாட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக மைக்கில் கேட்டது, இரண்டாம் பாதியில் நம்ம ஊர் அஸ்லம் களமிறங்குகிறார் என்று. வசந்தியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதியிலும் பாதி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் நன்றாக ஆடினான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாணியம்பாடி ஆட்களே கை தட்டினார்கள். முடிந்ததும் சேகரைத் தனியாக இழுத்துக் கேட்டேன். அவர் திகைத்துப் போய்விட்டார். "உங்க கட்டப் பாத்துதான சார் இறக்கினோம். நீங்க கட்டு போட்டு அனுப்பலன்னா நாங்க அவன் மேல கை வெச்சிருப்போமா?"

மதில் ஓரம்

மறுநாள் அஸ்லமை ஜாபர்தான் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார். இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. நான் கட்டை அவிழ்த்தேன். ஐஸ் வைத்தேன். ஏன் இறங்கினாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கட்டு என்னுடையது. அவனே பேச ஆரம்பித்தான். கிளப்பில் ஆடுகிற மேட்ச் எல்லாம் ஏதோ ஒரு மொபைல் ஆப்பில் வருகிறதாம், ஊரில் யாரும் பார்த்ததில்லையாம். சொந்தக்காரர்கள் இன்னும் அவனை என்ன வேலை பார்க்கிறாய் என்றுதான் கேட்கிறார்களாம். நேற்று அண்ணி அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கிரவுண்டு மதில் ஓரமாகப் பெண்கள் நிற்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். அம்மா வந்திருப்பதை இவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு சேகர் வந்து கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை.

எத்தனை மேட்சில் இறங்கியிருப்பாய், உனக்குத் தெரியாதா, ஒரு நாற்பது நிமிஷத்துக்காகவா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். வலியில் பல்லைக் கடித்திருந்தாலும் அந்த முகத்தில் வருத்தத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பத்து வருஷமா ஆடுறேண்ணே. நான் ஓடுறத எங்கம்மா நேத்துதான் பாத்தாங்க."

இரண்டு மொழியில் ஒரு ரிப்போர்ட்

முப்பத்தாறாம் நாள் கிளப்பிலிருந்து ரிப்போர்ட் கேட்டார்கள். புது ஸ்கேனில் வீக்கம் பெரிதாகியிருந்தது. அஸ்லம் எதிரில் உட்கார்ந்து, வலி இருக்கிறது என்று எழுதுங்கள், இன்னும் மூன்று வாரம் கேளுங்கள், மேட்ச் விஷயம் மட்டும் வேண்டாம் என்றான். நான் யோசித்தேன். மேட்சை மறைத்தால், ஒரு மாதம் ஓய்வெடுத்தும் ஆறாத எலும்பு என்று அவர்கள் முடிவு கட்டுவார்கள். ஆறாத எலும்புக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு நாள் தவறு, ஆறக்கூடிய எலும்புதான் என்று தெரியும். மூன்று வாரம் கிடைக்கும். இதை அவனுக்கு விளக்கினேன். சரி என்றான். என் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னானா, தட்ட முடியாமல் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டாவது வரை குடியாத்தத்தில் தமிழில் படித்து, அப்புறம் வேலூரில் ஆங்கிலத்துக்கு மாறியவன் நான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றையும் விடாமல் எழுதுவது பழகிப்போயிருந்தது. எந்தத் தேதி, எத்தனை நிமிஷம், யார் போட்ட கட்டு, எல்லாம் எழுதினேன். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் பாதியை விழுங்கியிருப்பேனோ என்னவோ. அவனுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். படிக்கும்போதுதான் என் காதிலேயே அது புகார் மனு மாதிரி விழுந்தது. அனுப்பட்டுமா என்றேன். அஸ்லம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "நீங்க எழுதினது பொய் ஒண்ணும் இல்லியேண்ணே. அனுப்புங்க."

மேனேஜரின் போன்

மூன்று நாள் கழித்து டீம் மேனேஜர் பேசினார். நாகர்கோவில்காரர். மரியாதையான மனுஷர். அஸ்லம் அப்போது கட்டிலில்தான் படுத்திருந்தான், ஸ்பீக்கரில் போடச் சொன்னான். மேனேஜர் முதலில் என் ரிப்போர்ட்டைப் பாராட்டினார். இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் யாரும் எழுதி அனுப்புவதில்லை என்றார். அப்புறம், எலும்புக் கணக்கில் நான் மறந்தே போயிருந்த, கான்ட்ராக்டின் வெளி மேட்ச் வரியைப் படித்தார். எலும்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எலும்பு அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்ட காரணத்தை நான் தேதி போட்டு அனுப்பியிருந்தேன். வடகிழக்கிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவனை எடுத்துவிட்டார்களாம், நாளைக்கு வந்து சேருகிறானாம்.

நான் மூன்று வாரம் மட்டும் கொடுங்கள் என்று மறுபடி கேட்டுப் பார்த்தேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அஸ்லம் சைகையில் வேண்டாம் என்றான். மேனேஜருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார்: "இனிமே அவசரம் ஒண்ணும் இல்ல சார். தம்பி எத்தன நாள் வேணும்னாலும் ரெஸ்ட் எடுக்கட்டும்."

டெஸ்பாட்ச் செக்ஷனில் நாற்காலி வேலைக்குப் போன அஸ்லமின் எலும்பு அடுத்த ஸ்கேனில் தடயமே இல்லாமல் ஆறியிருந்தது: இத்தனை வருஷத் தொழிலில் ஒரு ஆட்டக்காரனுக்கு நான் ஒரு நாளும் குறையாமல் வாங்கிக் கொடுத்த லீவு இது ஒன்றுதான்.